முள்ளில்லாப் பிளாக்பெர்ரி

பழச்செடி வைப்பவர்களுக்குப் பொதுவாக இரண்டு வகைக் கஷ்டங்கள் உண்டு. நட்டபின் பல வருஷங்கள் காத்திருந்து பலன் காணவேண்டிய மரங்கள் ஒரு வகை. விரைவில் பலன் தந்தாலும், அதைப் பறிக்கப் போகிறவனுடைய கையையும் சட்டையையும் கிழித்து அனுப்பும் முட்புதர்கள் மற்றொரு வகை. பிளாக்பெர்ரி நெடுங்காலமாக இந்த இரண்டாவது வகைக்குத் தலைமை வகித்து வந்தது. இங்கிலாந்தின் கிராமத்து வேலிகளிலும், அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்துச் சாலைகளின் இருமருங்கிலும் தானாகப் படர்ந்து, கோடையின் பிற்பகுதியில் கறுத்துத் தொங்கும் அதன் கனிகளைக் குழந்தைகள் கூடையோடு சென்று பறித்து, கூடை நிறையப் பழமும் கை நிறையக் கீறலுமாக வீடு திரும்புவது அந்தத் தேசங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிற காரியம். காட்டில் கிடைத்தால் பறிக்கலாம், வீட்டில் கொண்டுவந்து வைப்பானேன் என்று மக்கள் நினைத்ததில் வியப்பில்லை. சென்ற நூறு வருஷங்களில் தாவர அபிவிருத்தி செய்வோர் அந்த முள்ளை நீக்கிவிட்டபடியால், குழந்தைகள் ஓடியாடும் கொல்லைப்புறத்திலும் அச்சமின்றி நடத்தக்க செடியாக அது இன்று மாறியிருக்கிறது.

கடையில் கிடைக்கிற பழத்தை வீட்டில் ஏன் பயிரிடவேண்டும் என்று கேட்கலாம். மாங்காயைப் பறித்து வைக்கோலில் புதைத்துவைத்தால் பழுத்துவிடுகிறது; வாழைத்தாரும் அப்படியே. பிளாக்பெர்ரிக்கு அந்தக் குணம் இல்லை. செடியில் எவ்வளவு இனிப்பு ஏறியதோ அவ்வளவுதான். பறித்தபின் நிறம் சற்று மாறலாமேயன்றி இனிப்பு கூடுவதில்லை. நன்கு முதிர்ந்த பழமோ விரல் பட்டால் நசுங்குமளவு மிருதுவானது. ஆகவே தூரதேசப் பிரயாணத்தை உத்தேசித்துப் பறிக்கிற வியாபாரி, பழம் இன்னும் கெட்டியாகவும் புளிப்பாகவும் இருக்கும்போதே பறிக்க நேர்கிறது. பூரண பக்குவம் அடைந்த பிளாக்பெர்ரியின் சுவையை அறிய விரும்புகிறவனுக்குத் தன் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செடி இருப்பதே நல்வழி.

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ குடியேறி, வீட்டின் பின்புறத்தில் பத்துப் பன்னிரண்டு அடி நீளம் வெயில் படும் மண் வாய்க்கப்பெற்ற தமிழ்க் குடும்பங்களை உத்தேசித்தே இவ்வத்தியாயம் எழுதப்படுகிறது. அவர்கள் ஆரம்பத்திலேயே ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொள்ளவேண்டும். முள் போனதே தவிர, இச்செடியின் காட்டுச் சுபாவம் போகவில்லை. அதைக் கட்டுக்குள் வைப்பதற்கு வேண்டிய ஞானம் ஒன்றே ஒன்றுதான்: எந்தத் தண்டு இவ்வருஷத்தது, எந்தத் தண்டு சென்ற வருஷத்தது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரியவேண்டும். இதை அறிந்தவனுக்கு மற்றவை யாவும் தானே விளங்கும்.

ஒரு தண்டின் இரண்டு வருஷங்கள்

பிளாக்பெர்ரியின் வேர் பல்லாண்டு வாழ்வது. தண்டுக்கோ ஆயுள் இரண்டே வருஷம். வசந்த காலத்தில் தூரிலிருந்து கிளம்பும் இளந்தண்டு அவ்வருஷம் முழுவதும் வளர்வதையும் இலை விடுவதையும் தவிர வேறொன்றும் செய்வதில்லை. குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, மறு வசந்தத்தில் அதே தண்டு பக்க மொட்டுகளிலிருந்து சிறு கிளைகள் விட்டுப் பூத்துக் காய்க்கிறது. காய்த்து ஓய்ந்தபின் அது காய்ந்து மடிகிறது. அது காய்த்துக்கொண்டிருக்கும்போதே, அதன் காலடியில் அடுத்த வருஷத்துக்கான இளந்தண்டுகள் எழும்பி வளர்ந்துகொண்டிருக்கும்.

வாழையைக் கண்டு வளர்ந்த நமக்கு இது புதிய விஷயமன்று. குலை தள்ளிய தாய்மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுப் பக்கக்கன்றைப் பேணுகிற வழக்கம் நம் கொல்லைகளில் உண்டு; பிளாக்பெர்ரிக்கும் நியாயம் அதுவே. வாழையில் தாயும் கன்றும் உருவத்தால் வேறுபடுவதால் எவரும் மயங்குவதில்லை. பிளாக்பெர்ரியிலோ இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் பின்னிக்கிடப்பதால் புதியவர்கள் மயங்குகிறார்கள். இளந்தண்டு பசுமையாகவும் சில ரகங்களில் செம்மை கலந்தும் வழவழப்பாக இருக்கும். சென்ற வருஷத்துத் தண்டு பழுப்பேறி, பட்டை கெட்டித்து, பழக்காம்புகளைத் தாங்கிய சிறு கிளைகளோடு நிற்கும். காய்ப்புக் காலத்திலேயே இந்த வேற்றுமையைக் கண்டுகொண்டு, காய்த்த தண்டுகளில் ஒரு துணித்துண்டைக் கட்டி அடையாளம் செய்துவைப்பது முதல் இரண்டு வருஷங்களுக்கு நல்ல உபாயம்.

முள் போன வரலாறு

எலுமிச்சையிலும் வில்வத்திலும் உள்ள முள், கிளையே முள்ளாக உருமாறியது. உட்கட்டையோடு பிணைந்திருப்பதால் ஒடித்தாலன்றி வராது. ரோஜாவிலும் பிளாக்பெர்ரியிலும் உள்ளதோ மேல்தோலின் வளர்ச்சி மாத்திரமே. பக்கவாட்டில் அழுத்தினால் தோலோடு பெயர்ந்துவிடும். இந்த நுட்பம் தாவர சாஸ்திரிகளுக்கு மட்டும் உரியதாகத் தோன்றினாலும், தோட்டக்காரனுக்கும் இதில் ஒரு பிரயோஜனம் உண்டு.

1926-ஆம் வருஷம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வெட்டுப்பட்ட இலையுடைய எவர்கிரீன் என்னும் முட்பிளாக்பெர்ரியிலிருந்து முள்ளில்லாத தண்டொன்று தற்செயலாகத் தோன்றக் கண்டு, அதைப் பதியன் போட்டுப் பெருக்கினார்கள். ‘தார்ன்லெஸ் எவர்கிரீன்’ என்ற பெயரால் அது பரவியது. ஆனால் அச்செடியில் முள்ளின்மை மேல்தோலில் மட்டுமே உண்டு. தோலுக்குள் இருக்கும் சதை பழைய முட்செடியின் சதையே. தண்டின் நுனியை மண்ணில் புதைத்துக் கன்று எடுத்தால் முள்ளில்லாக் கன்று கிடைக்கும். மண்வெட்டி பட்டு வேர் காயமுற்று, அந்தக் காயத்திலிருந்து ஒரு கன்று கிளம்பினாலோ, உட்சதையிலிருந்து பிறந்த அக்கன்று முள்ளோடுதான் வரும். முள்ளில்லாச் செடி என்று வாங்கி நட்டவர்கள் சில வருஷங்களில் முட்புதருக்கு நடுவே நிற்க நேர்ந்ததன் ரகசியம் இதுவே.

உள்ளும் புறமும் ஒன்றாக முள்ளில்லாத செடியை உண்டாக்கும் முயற்சியில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் உருவான ‘மெர்ட்டன் தார்ன்லெஸ்’ முக்கியமானது. அதன் முள்ளின்மை விதைவழியே சந்ததிக்குச் செல்லக்கூடியது; ஆனால் ஒடுங்கும் குணமாகையால், முட்செடியோடு கலப்புச் செய்த முதல் தலைமுறையில் எல்லாம் முள்ளோடே பிறக்கும். அவற்றைத் தம்முள் மறுபடி கலந்தால், தோட்டத்துப் பிளாக்பெர்ரிகளில் ஒவ்வொரு குணத்துக்கும் நான்கு பிரதிகள் இருப்பதால், 36 நாற்றுக்கு ஒன்று வீதமே முள்ளில்லாமல் தோன்றும். அந்த ஒன்றிலும் பழம் சுவையாகவும் செடி வலுவாகவும் அமையவேண்டும் என்றால் எத்தனை ஆயிரம் நாற்றுகளை வளர்த்துக் கழித்திருக்கவேண்டும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். அமெரிக்க விவசாய இலாகாவினர் 1966-இல் ‘தார்ன்ஃப்ரீ’, ‘ஸ்மூத்ஸ்டெம்’ என்னும் இரண்டையும் வெளியிட்டார்கள். ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மூர் 1964-இல் தொடங்கிய கலப்புப் பணி, 1980-களின் இறுதியில் தானே நிமிர்ந்து நிற்கும் முள்ளில்லா ரகமாகிய ‘நவஹோ’வைத் தந்தது. இன்று வீட்டுத் தோட்டங்களில் காணும் நல்ல ரகங்களிற் பல இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை. இவற்றின் வேரிலிருந்து எழும் கன்றும் முள்ளின்றியே வரும்.

எந்த ரகத்தைத் தேர்ந்தெடுப்பது?

நிற்கும் விதத்தைக் கொண்டு பிளாக்பெர்ரிகளை மூன்று ஜாதியாகப் பிரிக்கலாம். கம்புபோல் நிமிர்ந்து நிற்பவை முதல் ஜாதி. ஆர்கன்சாவிலிருந்து வந்த ‘நவஹோ’, ‘அரபாஹோ’, 2003-இல் வெளியான ‘வாஷிட்டா’, இனிப்பில் பெயர்பெற்ற ‘பொங்கா’ முதலியவை இதில் அடங்கும். சிறிய இடத்துக்கும் புதியவர்களுக்கும் இவையே உகந்தவை. பாதி நிமிர்ந்து பாதி வளைந்து ஓடும் இரண்டாம் ஜாதியில், பழுதற்ற சுவை, மிகுந்த விளைச்சல், செடியின் வலிமை என்னும் மூன்று சிறப்பையும் குறித்துப் பெயரிடப்பெற்று 1996-இல் வெளிவந்த ‘டிரிப்பிள் கிரவுன்’, குளிரைத் தாங்குவதில் வல்ல ‘செஸ்டர்’, ஸ்காட்லாந்தில் உருவாகி இங்கிலாந்தின் தோட்டங்களில் பரவியுள்ள ‘லாக் நெஸ்’ ஆகியவை பிரசித்தம். தரையோடு ஓடும் கொடிகள் மூன்றாம் ஜாதி. ஓரிகனில் உருவாகி 2014-இல் வெளியான ‘கொலம்பியா ஸ்டார்’ இதற்கு உதாரணம். நறுமணத்தில் இந்த ஜாதியே முதன்மை பெறுகிறது. ஆயினும் கடுங்குளிரைத் தாங்காது, குளிர்காலம் மிதமாக உள்ள பசிபிக் கரையோரப் பிரதேசங்களுக்கே ஏற்றது.

முதல் வருஷத்து இளந்தண்டிலேயே இலையுதிர்காலத்தில் காய்க்கும் ரகங்களும் அண்மையில் வந்துள்ளன. 2013-இல் வெளியான ‘பிரைம்-ஆர்க் ஃபிரீடம்’ அவ்வகையில் முள்ளில்லாத முதல் ரகம். குளிரால் தண்டுகள் மடிந்துபோகும் ஊர்களில் இதனால் ஓர் அனுகூலம் உண்டு: தரைக்குமேல் உள்ளது யாவும் மடிந்தாலும், புதிதாக எழும் தண்டு அவ்வருஷமே பூக்கும். ஆனால் கோடை வெப்பம் மிகுந்த இடங்களில் அந்தப் பூக்கள் சரியாகக் காய்பிடிப்பதில்லை.

எந்த ரகமானாலும் குளிர்கால உறக்கம் அதற்கு அவசியம். வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நிற்கும் நேரத்தைக் கூட்டிக் கணக்கிடுவது வழக்கம். சில ரகங்களுக்கு 300 மணி போதும், நவஹோவுக்கு 800 மணியளவு வேண்டும். அந்த உறக்கம் கிட்டாத செடி வசந்தத்தில் மொட்டவிழாமல் தடுமாறும். ஆகையால் சென்னையிலோ மதுரையிலோ உள்ள உறவினருக்கு ஒரு கன்று அனுப்பலாமே என்ற ஆசையை விட்டுவிடவேண்டும். நம் நாட்டில் இந்தக் குடும்பத்துக்கு உரிய இடம் மலைதான். நீலகிரியிலும் பழனிமலைத் தொடரிலும் சோலை ஓரங்களில் மஞ்சளாகவும் கருஞ்சிவப்பாகவும் பழுக்கிற முட்புதர்ப் பழங்கள் பிளாக்பெர்ரியின் ஒன்றுவிட்ட சகோதரர்கள். மறுபுறம், குளிர் 18 டிகிரி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் ஊர்களில் முள்ளில்லா ரகங்களிற் பலவற்றின் தண்டுகள் சேதமடையும் என்பதையும் கவனிக்கவேண்டும்.

ஒரு செடி வைத்தாலும் காய்க்கும். தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பூவாகையால் துணைச்செடி தேவையில்லை. எனினும் ஒரு பழம் என்பது பல சிறுமணிகளின் தொகுதி. ஒவ்வொரு மணியும் தனித்தனியே கருவுற்றாலன்றிப் பழம் முழுமை பெறாது. அந்தச் சேவையைத் தேனீக்கள் செய்வதால், பூத்திருக்கும் நாட்களில் மருந்தடிப்பதை அறவே தவிர்க்கவேண்டும்.

இடமும் மண்ணும்

நாளொன்றுக்கு ஆறு மணி முதல் எட்டு மணி வரை நேர்வெயில் படும் இடமே தகுந்தது. நிழலிலும் செடி வாழும். ஆனால் தண்டு மெலிந்து நீண்டு, பழம் குறைந்து புளிக்கும். மண் சற்றே அமிலத்தன்மை உடையதாக, pH அளவில் 5.5 முதல் 6.5 வரை இருத்தல் நலம். மழை பெய்த மறுநாளும் நீர் தேங்கி நிற்கும் இடத்தில் நட்டால் வேரழுகல் நோய் வருவது நிச்சயம். அப்படிப்பட்ட களிமண் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்து நடவேண்டும்.

நம்மவர்கள் தவறக்கூடிய இடம் ஒன்றை இங்கே பிரத்தியேகமாகச் சொல்லவேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய நான்கும் விளைந்த பாத்தியில் வெர்டிசீலியம் என்னும் வாடல்நோய்ப் பூஞ்சை மண்ணில் தங்கியிருக்கக்கூடும். அது பிளாக்பெர்ரியையும் பற்றும். தமிழ்க் குடும்பம் ஒன்றின் கொல்லையில் இந்நான்கும் விளையாத பாத்தியைக் கண்டுபிடிப்பது சிரமமாயினும், குறைந்தது மூன்று வருஷங்களாவது அவை பயிராகாத இடத்தைத் தேர்ந்தெடுப்பது உசிதம். அருகில் காட்டுப் பிளாக்பெர்ரிப் புதர்கள் இருந்தால் அவற்றைக் களைந்துவிடுவதும் அவசியம். நோய்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

நடவு

குளிர்கால முடிவில், மண் உறைபனியிலிருந்து விடுபட்டுக் கொத்துவதற்கு இடங்கொடுக்கும் காலமே நடவுக்கு ஏற்றது. நோயற்ற கன்று என்று உறுதி கூறும் நாற்றுப்பண்ணையிலிருந்து வாங்கவேண்டும். பக்கத்து வீட்டார் அன்போடு தோண்டிக் கொடுக்கும் கன்று, அன்போடு நோயையும் கொண்டுவருவது உண்டு. நிமிர்ந்து நிற்கும் ரகத்துக்குச் செடிக்குச் செடி 3 முதல் 4 அடியும், பாதி நிமிர்ந்தவற்றுக்கு 5 முதல் 6 அடியும், கொடி ரகத்துக்கு 6 முதல் 8 அடியும் இடைவெளி விடவேண்டும். வரிசைக்கு வரிசை 8 முதல் 10 அடி வேண்டும். நாற்றுப்பண்ணையில் எந்த ஆழத்தில் நின்றதோ அதே ஆழத்தில் நட்டு, மண்ணை மிதமாக அழுத்தி, தாராளமாக நீர் வார்க்கவேண்டும். நடும் குழியில் ரசாயன உரம் இடுவது இளவேரைச் சுட்டுவிடும். நன்கு மக்கிய தொழுவுரத்தை மண்ணோடு கலந்துவைத்தால் போதும்.

கம்பிப் பந்தல்

நிமிர்ந்து நிற்கும் ரகங்களுக்குப் பந்தல் தேவையில்லை என்று சொல்வதுண்டு. காய்க்கும் பாரமும் கோடைப் புயலும் சேர்ந்து தண்டை முறிப்பதைப் பார்த்தபின் அந்த அபிப்பிராயம் மாறிவிடும். வரிசையின் இரு முனைகளிலும் உறுதியான கம்பங்களை இரண்டடி ஆழத்தில் நட்டு, இடையில் 15 அடிக்கு ஒரு கம்பம் வைத்து, தரையிலிருந்து 3 அடி உயரத்தில் ஒரு கம்பியும் 5 அடி உயரத்தில் ஒரு கம்பியும் இழுத்துக் கட்டினால் போதும். செடியை நட்ட வருஷமே இதைச் செய்து முடிப்பது புத்திசாலித்தனம். மறு வருஷம் பின்னிக்கொண்ட தண்டுகளுக்கு நடுவே கம்பம் நடுவது இரட்டை வேலை.

கொடி ரகங்களில் இளந்தண்டுகளை ஒரு வருஷம் தரையோடு வரிசையின் அடியில் ஓடவிட்டு, காய்த்த தண்டுகளை வெட்டி நீக்கியபின், இவற்றை எடுத்துக் கம்பியில் சுற்றுவது ஓரிகன் பிரதேசத்து வழக்கம். ஆகஸ்டிலேயே சுற்றினால் விளைச்சல் மிகும், ஆனால் குளிர்காலத்தில் கம்பிமேல் இருக்கும் தண்டுக்கு உறைபனியால் ஆபத்து. பிப்ரவரியில் சுற்றினால் விளைச்சல் சற்றுக் குறைந்தாலும் தண்டு தப்பும்.

நீரும் உரமும்

வாரத்துக்கு ஓர் அங்குல அளவு நீர் எப்போதும் வேண்டும். பழம் பருக்கும் நாட்களில் இரண்டங்குலம் வரை கொடுக்கலாம். இலைமேலும் பழத்தின்மேலும் நீர் தெளிப்பது அழுகலுக்கு இடங்கொடுப்பதால், தூரைச் சுற்றிச் சொட்டுநீர்க் குழாய் அமைப்பது நல்லது. தூரைச் சுற்றி மரச்சீவலாலோ பைன் சருகாலோ மூன்று நான்கு அங்குல கனத்துக்கு மூடாக்கு இட்டால் ஈரம் காக்கப்படும், களையும் எழாது. களைகொத்துவதற்கு மண்வெட்டியை ஆழமாகச் செலுத்தினால் வேர் அறுந்து கண்ட இடத்தில் கன்று கிளம்பும் என்பதாலும் மூடாக்கு உத்தமமான வழி.

நட்டு ஒரு மாதம் சென்றபின், தழை மணி சாம்பல் மூன்றும் சமமாக உள்ள 10-10-10 கலப்புரத்தைச் செடிக்கு 60 கிராம் அளவில், தூரிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாக இடலாம். பின்வரும் வருஷங்களில் வசந்தத்தின் தொடக்கத்தில் ஒருமுறையும், அறுவடை முடிந்ததும் ஒருமுறையும் உரமிட்டால் போதும். கோடை முற்றியபின் தழைச்சத்து மிகுதியாக இடுகிறவர்கள், குளிர் வருமுன் முதிராத மிருதுவான தண்டுகளை வளர்த்து, அவற்றை உறைபனிக்குப் பலி கொடுக்கிறார்கள்.

கவாத்து

இவ்வத்தியாயத்தின் உயிர்நிலை இப்பகுதியே. பிளாக்பெர்ரி காய்க்கவில்லை என்று முறையிடுகிறவர்களில் பெரும்பாலோர், ரோஜாவுக்குச் செய்வதுபோல் குளிர்காலத்தில் எல்லாத் தண்டையும் தரையோடு வெட்டியவர்களாகவே இருப்பார்கள். அவர்கள் வெட்டியது மறுவருஷத்து விளைச்சலை. எதையும் வெட்டாமல் விட்டவர்களோ, காய்ந்ததும் பச்சையுமாகப் பின்னிய புதரில் கை நுழைக்க வழியின்றி, சிறுத்த பழத்தையும் பெருத்த நோயையும் அறுவடை செய்கிறார்கள். வருஷத்துக்கு மூன்று முறை கவாத்துக் கத்திரியை எடுத்தால் இவ்விரு துன்பமும் இல்லை.

முதலாவது, கோடையில் நுனி கிள்ளுதல். நிமிர்ந்த ரகத்தின் இளந்தண்டு மூன்றரை அடியளவு வளர்ந்ததும், அதன் நுனியில் மூன்று நான்கு அங்குலத்தைக் கிள்ளிவிடவேண்டும். பாதி நிமிர்ந்த ரகமானால் மேல் கம்பியைச் சற்றுத் தாண்டியதும் கிள்ளலாம். நுனி போனதும் தண்டு மேலே ஓடுவதை நிறுத்திப் பக்கக் கிளைகள் விடும். மறுவருஷம் அந்தக் கிளைகளே பழத்தைத் தாங்கும். எல்லாத் தண்டும் ஒரே நாளில் அந்த உயரத்தை எட்டாது. ஆகவே வாரம் ஒருமுறை சுற்றிவந்து, எட்டியதைக் கிள்ளி எட்டாததை விட்டுவரவேண்டும். நுனி இளசாக இருக்கும்போது கிள்ளினால் காயம் விரைவில் ஆறும். தவறவிட்டு, முற்றிய தண்டை வெட்ட நேர்ந்தால் அந்தப் பெரிய காயத்தின் வழியே தண்டுக்கருகல் நோய் புகும். மழையில்லாத நாட்களைத் தேர்ந்து இதைச் செய்யவேண்டும் என்பதும் அதனாலேயே.

இரண்டாவது, அறுவடை முடிந்தவுடன் காய்த்த தண்டுகளை நீக்குதல். அவற்றுக்கு இனி வாழ்வில்லை. விட்டுவைத்தால் இளந்தண்டுகளின் வெயிலையும் காற்றையும் மறைத்துக்கொண்டு, நோய்க்கு வீடாக நிற்கும். தரையோடு வெட்டி, துண்டு துண்டாக நறுக்கி இழுத்தால் இளந்தண்டுகளுக்குச் சேதமின்றி வெளியே வரும். நோயுள்ளவற்றைத் தோட்டத்தில் குவித்துவைக்காமல் அப்புறப்படுத்தவேண்டும்.

மூன்றாவது, குளிர்காலத்தின் கடைசியில், மொட்டுகள் வீங்கத் தொடங்குமுன் செய்யும் கவாத்து. ஒரு செடிக்கு வலுவான நான்கு முதல் ஆறு தண்டுகளை மட்டும் நிறுத்திக்கொண்டு மெலிந்தவற்றையும் முறிந்தவற்றையும் தரையோடு நீக்கவேண்டும். நிறுத்திய தண்டுகளின் பக்கக் கிளைகளை ஓரடி முதல் ஒன்றரையடி நீளத்துக்குக் குறைத்துவிடவேண்டும். ஐந்தடி நீளக் கிளையை வெட்டிக் குறைப்பதற்குப் புதியவர்களுக்கு மனம் வராது. ஆனால் கிளை நீளும் அளவுக்குப் பழம் எண்ணிக்கையில் பெருகி அளவில் சிறுத்துவிடும்; குறைத்தவன் பெரிய பழமும் நல்ல இனிப்பும் பெறுவான்.

முதல் வருஷத்திலேயே காய்க்கும் ரகத்தை இலையுதிர்கால விளைச்சலுக்கு மட்டும் வளர்ப்பவர்கள் இந்த முறைகளிலிருந்து விலகலாம். குளிர்காலத்தில் அனைத்தையும் தரையோடு வெட்டுவது அந்த ஒரு வகைக்கு மட்டும் பொருந்தும்.

நோயும் பூச்சியும்

வசந்த காலத்தில் இலையின் அடிப்புறம் முழுவதும் குங்குமப்பூ நிறத்தில் பொடி படர்ந்திருந்தால் அது ஆரஞ்சுத் துருநோய். செடியின் உடல் முழுவதும் பரவிவிட்ட நோயாகையால் மருந்தில்லை. நவஹோ இதற்கு எளிதில் ஆட்படும். தயங்காமல் வேரோடு தோண்டி எடுத்துவிடுவதே மற்றச் செடிகளைக் காக்கும் வழி. தூரில் முடிச்சு முடிச்சாகக் கட்டிகள் தோன்றும் வேர்க்கட்டி நோய்க்கும் இதுவே விதி.

பூச்சிகளில் இன்று முதலிடம் பெறுவது, ஆசியாவிலிருந்து வந்து 2008-இல் கலிபோர்னியாவில் காணப்பட்டுப் பிறகு அமெரிக்கா முழுவதும் பரவிவிட்ட புள்ளிச் சிறகுப் பழ ஈ. சாதாரணப் பழ ஈ அழுகிய பழத்தை நாடும். இதன் பெண் ஈயோ, ரம்பம் போன்ற உறுப்பால் கனிந்துவரும் நல்ல பழத்தின் தோலைக் கிழித்து முட்டையிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பழுத்ததெல்லாம் பறித்துவிடுதல், கீழே விழுந்ததைப் பொறுக்கி அகற்றுதல், பறித்ததை உடனே குளிர்ப்பெட்டியில் வைத்தல், காய்பிடித்தபின் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்ணுள்ள வலையால் மூடுதல் ஆகிய நான்கும் வீட்டுத் தோட்டத்துக்குப் போதுமான தற்காப்பு. கடைசியாகச் சொன்ன வலை பறவைகளையும் தடுக்கும்.

எல்லாக் குறையும் நோயன்று. கறுத்த பழத்தில் சில மணிகள் மட்டும் வெளுத்திருந்தால் அது கடுவெயில் சுட்ட அடையாளம், உண்பதற்குத் தடையில்லை. கறுப்பாகப் பறித்த பழத்தில் குளிர்ப்பெட்டியில் வைத்தபின் சில மணிகள் சிவந்தால், அது பறிக்கையில் பட்ட அழுத்தத்தாலும் திடீர்க் குளிராலும் நேர்வது.

பறிக்கும் பருவம்

பழம் கறுத்தவுடன் பழுத்துவிட்டது என்று நினைப்பது பொதுவான பிழை. கறுத்துப் பளபளக்கும் பழம் இன்னும் புளிக்கும். அந்தப் பளபளப்பு அடங்கி மங்கிய கறுப்பாகி, விரலால் லேசாகத் தொட்டதும் கைக்குள் விழுமாயின் அதுவே பக்குவம். இழுத்துப் பறிக்க வேண்டியிருந்தால் இன்னும் இரண்டு நாள் விட்டுவைக்கலாம். பறிக்கும்போது நடுவிலுள்ள வெண்மையான காம்புப்பகுதி பழத்தோடேயே வரும். ராஸ்பெர்ரியில் அது செடியிலேயே தங்கிப் பழம் உட்குழிவாக வருவதால், இரண்டையும் வேறுபடுத்த இதுவே அடையாளம்.

காலை இளங்குளிரில், பனி உலர்ந்ததும், ஆழமில்லாத தட்டில் இரண்டு மூன்று அடுக்குக்கு மேற்படாமல் பறிக்கவேண்டும். உண்ணும் நேரத்தில்தான் கழுவவேண்டும். குளிர்ப்பெட்டியில் சில நாட்களே தாங்கும். மிகுதியானதைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்துப் பின்பு பையில் போட்டுவைத்தால், குளிர்காலத்தில் ஜாம் காய்ச்சவும் தயிரோடு அடித்துப் பருகவும் உதவும்.

பதியன்

பாதி நிமிர்ந்த ரகமும் கொடி ரகமும், கோடைக் கடைசியில் இளந்தண்டின் நுனி தரையைத் தொட்டால் தாமே வேர்விடும் இயல்புடையவை. நுனியை மூன்று நான்கு அங்குல ஆழத்தில் மண்ணில் புதைத்து ஒரு கல்லை வைத்துவிட்டால், வசந்தத்தில் வேர்பிடித்த கன்றை வெட்டிப் பிரித்து நடலாம். நிமிர்ந்த ரகங்களில் வேரிலிருந்து எழும் பக்கக்கன்றைத் தோண்டி எடுப்பது சுலபம். தார்ன்லெஸ் எவர்கிரீனில் மட்டும், முன்பு சொன்ன காரணத்தால், வேர்க்கன்றை நடாமல் களைந்துவிடவேண்டும். புதிய ரகங்களுக்கு அமெரிக்காவில் 20 வருஷம் வரை உரிமைக் காப்பு உண்டு. அந்தக் காலத்துக்குள் அனுமதியின்றிப் பெருக்குவது சட்டவிரோதம்.

பெருக்கும் ஆசை வரும்போது ஒரு பழங்கதையை நினைவில் கொள்வது நல்லது. கலிபோர்னியாவின் புகழ்பெற்ற தாவர வல்லுநர் லூதர் பர்பேங்க், இந்தியாவிலிருந்து வரவழைத்த விதையில் முளைத்த முட்பிளாக்பெர்ரி ஒன்றுக்கு, அதன் பூர்விகம் மேற்காசியா என்று அறியாமல், ‘ஹிமாலயா ஜயண்ட்’ என்று பெயரிட்டு 1885-இல் வெளியிட்டார். தோட்டத்திலிருந்து தப்பிய அச்செடி இன்று ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் ஆற்றங்கரைகளையும் வயலோரங்களையும் விழுங்கி நிற்கும் களையாக இருக்கிறது. கவனிப்பார் இல்லாத இடத்தில் இந்தக் குடும்பம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே முதல் வருஷம் இரண்டு செடிக்கு மேல் நடவேண்டாம். அந்த இரண்டில் இவ்வருஷத்துத் தண்டையும் சென்ற வருஷத்துத் தண்டையும் கண்ணால் பிரித்தறியப் பழகியபின், வேண்டுமானால் மூன்றாவதற்குக் குழி வெட்டலாம்.